அமாவாசையில் எந்தத் தட்டு?

என் அருமைத் தங்கத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எனக்கு முதல் வேண்டுதல். இங்கே அப்பா, உன் தங்கை, நான் ஆக மூன்று பேரில் இரண்டே முக்கால் பேர் சுகம். மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன், பதறாமல் வரிசையாகப் படி. கடைசிப் பக்கத்துக்கு ஓடிவிடாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

உன் தங்கை திடீரென்று ஒரு நாள் முடியைக் கழுத்துவரை வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க மின்விசிறி சுற்றி முடி கண்ணில் விழுகிறதாம். அப்பா இரண்டு நாள் அவளை நேராகப் பார்க்கவே இல்லை, மூன்றாம் நாள் தானாகவே "நல்லாத்தான் இருக்கு, கழுத்துக்குக் காத்து வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் பள்ளிக்கூட பஸ்ஸில் புது ரூட் கொடுத்திருக்கிறார்கள், விடியுமுன்பே வண்டியை எடுக்கிறார். எந்தக் குட்டிப் பிசாசோ அவர் சீட்டில் சூயிங்கம் ஒட்டிவைத்து, அதோடு வீட்டுக்கு வந்தார். ஐஸ் கட்டி வைத்துத் தேய்த்து எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மாடிவீட்டு அம்மாவோடு தண்ணீர்ச் சண்டை ஓய்ந்தது, பேச்சுதான் இன்னும் தொடங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் வழக்கம்போல நேற்று நிலா பார்த்தாயா என்று கேட்டேன். நீயும் வழக்கம்போல "பார்த்தேம்மா, முழுசா தட்டு மாதிரி இருந்துச்சு" என்றாய். எனக்கும் வயிறு குளிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அப்பா, நான் போனை வைக்கும்வரை காத்திருந்துவிட்டு, "அமாவாசையில எந்தத் தட்டுடி அது?" என்றார். அடப்பாவி! ஊரில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், நீ இல்லாத நிலாவையே வானத்தில் ஏற்றிவிட்டாயே. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள், நீ எத்தனை மாதமாக ஓட்டினாய் என்று தெரியவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன், உன் தங்கைக்குப் புரையேறிவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரி வேலையில் விரிப்பு மடிக்கும்போதுதான் சிரிப்பு போய்விட்டது. நிலா விஷயத்திலேயே இப்படி என்றால், வாராவாரம் நீ சொல்கிற மற்றதெல்லாம்? அறையில் நான்கு பேர் கலகலவென்று இருக்கிறோம் என்றாயே, இத்தனை மாதத்தில் உன் பின்னால் ஒரு இருமல் சத்தம்கூடக் கேட்டதில்லையே. நேரத்துக்குச் சமைத்துச் சாப்பிடுகிறேன் என்றாயே, அடுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு ஒரு நாள் ஜன்னலோரம் என்றாய், இன்னொரு நாள் அந்த அறைக்கு ஜன்னலே இல்லை என்றாய். வேலையில் எல்லாரும் தங்கமான மனுஷர்கள் என்றாயே, ஒருத்தருக்கும் பேர் இல்லையா கண்ணா? இதையெல்லாம் யோசித்துக்கொண்டு ஒரே விரிப்பை மூன்று தடவை மடித்திருக்கிறேன், மேஸ்திரி அம்மா வந்து கையிலிருந்து பிடுங்கினாள்.

உன்னைத் திட்டலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால் நானும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அமாவாசை என்று எனக்கே தெரிந்திருக்காதா? நீ கிளம்பிய அன்று "அழாதம்மா, நிலா எல்லாருக்கும் ஒண்ணுதானே, நீ இங்கேருந்து பாரு, நான் அங்கேருந்து பார்க்கறேன்" என்றாய். நான்தான் தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரி மொட்டைமாடிக்குக் காய்ந்த விரிப்புகளை அள்ளப் போகிறவளாயிற்றே, முதலில் ஆசை ஆசையாகப் பார்த்தேன். பார்த்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். ஆறுதலும் இல்லை, ஒன்றும் இல்லை. அது பாட்டுக்கு ஜம்மென்று நிற்கிறது, பக்கத்தில் நீ இல்லை. வீட்டில் மூன்று பேர் இருந்தும் தனியாக இருப்பது எப்படி என்று அந்த மாடியில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் கை நிறைய விரிப்போடு அதைப் பார்த்துக்கொண்டே படியில் கால் வைத்தேன், படி அங்கே இல்லை. வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டு போட்டு, பிரித்தும் ஆயிற்று. உனக்குச் சொல்லவில்லை. எழுத்து ஏன் கோழி கிளறியதுபோல இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். இப்போது கீழே மடிக்கிற மேஜையில் போட்டிருக்கிறார்கள். மறுபடி மாடிக்குப் போகிறாயா என்று கேட்டபோது வேண்டாம் என்று நானேதான் சொன்னேன். உன்னிடம் மட்டும் வாராவாரம் பார்த்தேன் பார்த்தேன் என்று அளந்துகொண்டிருந்தேன்.

இதில் கூத்து என்னவென்றால், அமாவாசை என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை விடியக்காலம் வண்டி எடுக்கும்போது நூல் மாதிரி இருந்தது, அப்புறம் காணோம் என்றார். தினமும் பார்க்கிறாராம். நாம் இரண்டு பேரும் பார்ப்பதாகப் பேசிவைத்துக்கொண்டும் பார்க்காமல் இருந்தோம், நாம் சேர்த்துக்கொள்ளாத அந்த ஊமைக்கோட்டான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உங்களுக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்டேன். "பையன் பார்க்கறான்னு சொன்னியே" என்றார். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆகவே ராசா, இனிமேல் நமக்குள் நிலா வேண்டாம். எனக்கு நீதான் வேண்டும். உனக்கு அங்கே பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். ராத்திரிச் சாப்பாடு இல்லை என்றால் இல்லை என்று சொல். அழுகை வந்தால் அழு, எனக்கும் வருகிறது. தாக்குப்பிடிக்க முடிந்தால் இரு, முடியவில்லை என்றால் கிளம்பி வா. தோற்றுவிட்டுத் திரும்பி வந்தான் என்று எவராவது சொன்னால் அந்த வாயை நான் கவனித்துக்கொள்கிறேன். எனக்கு இன்னும் இடது கை இருக்கிறது.

நீ நீண்ட ஆயுசோடு, வயிறு நிறைந்து, மனசு நிறைந்து இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். ஈரத் தலையோடு படுக்காதே. உன் அறையைப் படம் எடுத்து அனுப்பு, கூட்டிப் பெருக்காமல் இருக்கிறபடியே எடு. ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது எடுத்தவுடன் "நல்லா இருக்கேம்மா" என்று ஆரம்பிக்காதே. சொல்ல ஒன்றும் வாய்க்கு வராவிட்டால் சும்மா இரு. நீ மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
கை இன்னும் வலிக்கிற,
உன் அம்மா