வடக்குச் சுவருக்குக் கல்

1961, புரட்டாசி 9.

தீபாவளி ஆர்டர் ஆளை அடித்துப்போட்டிருக்கிறது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

வீட்டின் வடக்குச் சுவரில் மழைக்கு மழை சுண்ணாம்புப் பூச்சு ஊறி உதிர்கிறது. சாந்தே இல்லாமல் வெளிப்புறம் பட்டைக் கற்களை அடுக்கிவிடலாம், தண்ணீர் இடுக்கு வழியே இறங்கிவிடும் என்று போன வாரம் கொத்தனார் சொன்னார். நல்ல யோசனைதான். நான் வேண்டாம் என்றேன்.

"ஏன் வேணாங்கிறீக? ஈரத்துல பிள்ளைக்குச் சளியே விடமாட்டேங்குது" என்றாள் என் மனைவி பேச்சி.

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையருகே ஒரு கல் தளர்ந்து கிடந்தாலும் எடுக்கச் சொல்வது என் வேலை. வெடித்தால் முதலில் பறப்பது அதுதான். இதை அவளிடம் எப்படிச் சொல்ல? வீட்டிலா மருந்து கலக்கிறோம்? சரி என்றேன்.

இன்று சாயங்காலம் வந்தபோது சுவர் முடிந்திருந்தது, பார்க்க நன்றாகவே இருந்தது. பேச்சி அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்கன உக்காராத, எந்திரி!" என்று கத்திவிட்டேன்.

பிள்ளையை வாரிக்கொண்டு பதறி எழுந்தாள். "என்ன, தேளா?"

"ஆமா" என்றேன்.

இன்னமும் விளக்கை வைத்துக்கொண்டு கல் இடுக்குகளில் தேடிக்கொண்டிருக்கிறாள்.