மட்கார்டில் வட்டக் கண்ணாடி

ஜனவரி 19, ஞாயிறு

அம்மா ஃபியட்டை வாசலில் நிறுத்தும்போதே பார்த்துவிட்டேன். வலது பின்கதவில் ஒரு முழத்துக்குக் கீறல். காலையில் ஆண்டிபட்டி பூ மார்க்கெட்டுக்குச் சரக்கோடு போகும்போது, ஒரு டிராக்டரைத் தாண்ட வலது பக்கம் ஏறியிருக்கிறது. பின்னால் வந்த பைக் உரசிவிட்டது. யாருக்கும் அடியில்லை. அது அதிர்ஷ்டம், டிரைவிங் இல்லை. அப்படியே சொல்லியும் விட்டேன்.

1974 மாடல். வெளியே கண்ணாடியே கிடையாது. பின்சீட்டில் கூரை வரைக்கும் மல்லிகை மூட்டை, அதனால் உள்கண்ணாடியில் தெரிவது சாக்கு மட்டும்தான். பின்னால் வண்டி வருவது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஆரன் அடிப்பாகல்ல."

இருபது வருஷமாக இதுதான் சிஸ்டம்!

கண்ணாடி மாட்டித் தருகிறேன், மாட்டிய பிறகு ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், எனக்குத் திருப்தி இல்லையென்றால் சாவி என் கைக்கு வரும் என்றேன். அம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனது. பின்னாலிருந்து கூப்பிட்டேன். நின்று, உடம்போடு மொத்தமாகத் திரும்பியது. தெருமுனையில் சாமி சப்பரத்தைத் திருப்புகிற மாதிரி. நான் வைத்த பேர்தான் அது, சப்பரம். தங்கச்சி ஹேமாவதி கட்டிக்கொடுத்துப் போன பிறகும் போனில் "சப்பரம் என்னண்ணே பண்ணுது?" என்றுதான் கேட்கிறாள்.

ஜனவரி 23

மில்லில் ஷிப்ட் முடிந்து தேனியில் கருப்பு பிளாஸ்டிக் கண்ணாடி ஒரு ஜோடி வாங்கிவந்தேன். இன்றைய கார்களுக்குப் போடுவது. நல்ல பார்வை, மடக்கலாம். அம்மா கதவில் வைத்துப் பார்த்தது.

"ஏலே மாரி, எருமைக்குக் காது வச்சாப்புல இருக்கு."

அம்மாவுக்கு வேண்டியது ரொம்பத் தெளிவு. பழைய மாதிரி, வெள்ளியாய் மின்னுகிற வட்டக் கண்ணாடி. கதவில் வேண்டாம், முன்னால் மட்கார்டு மேல். கண்ணாடி தூரம் போகப் போகப் பிம்பம் சின்னதாகும் என்று பேப்பரில் படம் போட்டே விளக்கினேன். கல்யாணக் கார் அழகு பார்க்க இது நேரமில்லை என்றும் சொன்னேன்.

"காரு என்னோடது. ஓட்டைய அங்கன போடு" என்றது. அவ்வளவுதான்.

ஜனவரி 26, ஞாயிறு

உத்தமபாளையம். ரஃபி கடை. பாலிடெக்னிக்கில் என் பெஞ்ச், இப்போது பழைய கார் உதிரிபாகம் விற்கிறான். மூன்று பெட்டியைக் கொட்டித் தேடி, வட்டக் குரோம் கண்ணாடி ஒரு ஜோடி எடுத்தான். பார்த்தால் இரண்டுமே இடது பக்கத்துக்கு உள்ளது. என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒன்றின் காம்பைக் கழற்றித் திருப்பிப் போட்டு வலது ஆக்கித் தந்தான். கண்ணாடி குவிந்த ரகம். அகலமாகத் தெரியும்.

"அம்மா மட்கார்டுலன்னா மட்கார்டுல மாட்டிருடா, அந்தக் காலத்துல அங்கனதான் மாட்டுவாக" என்றான்.

வடிவம் அம்மா இஷ்டம். இடம் என் இஷ்டம். நியாயம்தானே?

பிப்ரவரி 2, ஞாயிறு

கதவில் மாட்டிவிட்டேன். டேப் ஒட்டி, அளந்து, சென்டர் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் புள்ளி தட்டி, டிரில்லில் முதலில் மூன்று மில்லி, அப்புறம் ஆறரை. துளை ஓரத்துக்குத் துரு பெயிண்ட். அடியில் ரப்பர். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து திருப்பி வைத்தேன். கடமலைக்குண்டு ரோடு பாதி தெரிகிறது. சுத்தமான வேலை.

அம்மா வந்து பார்த்தது. "நல்லாருக்கு."

தோசைக்கு ஐந்து குறை சொல்கிற அம்மா.

பிப்ரவரி 6

நாலு நாள் ஆகிறது. கண்ணாடி மேல் செம்மண் தூசி அப்படியே இருக்கிறது. ஒருதரம்கூடத் துடைக்கவில்லை. பிடிவாதம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மயிலாடும்பாறையில் பூ ஏற்றி ஆண்டிபட்டி வரை, நான் பக்கத்து சீட்டில்.

கியர், பிரேக், வளைவில் வேகம் எல்லாம் சரி. என்னைவிட நன்றாகவே ஓட்டுகிறது. வலது பக்கம் ஏறவேண்டிய நேரம் வந்ததும் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. தோளோடு திரும்பியது. தோள் திரும்பியதும் கை திரும்பியது, கையோடு ஸ்டீயரிங். கார் நடு ரோட்டில்.

நிறுத்தச் சொன்னேன். உடம்பை அசைக்காமல் கழுத்தை மட்டும் திருப்பு என்றேன்.

"திரும்பாதுடா."

எத்தனை நாளாக? இரண்டு வருஷம். ஏன் சொல்லவில்லை?

"சொன்னா சாவிய வாங்கிருவ."

கை நீட்டினேன். இன்ஜினை அணைத்துச் சாவியை உருவித் தர அம்மாவுக்கு ரொம்ப நேரமானது. மீதி வழி நான்தான் ஓட்டினேன்.

சப்பரம். அந்தப் பேரை வைத்தவன் நான். இரண்டு வருஷம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒருநாள்கூட ஏன் இப்படித் திரும்புகிறது என்று யோசித்தேனா? மில்லில் ஒரு பேரிங் இறுகினால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பேன். நீயெல்லாம் ஒரு டெக்னீசியன்.

பிப்ரவரி 10

பூ ஆட்டோவில் போனது. அம்மா வாசலில் நின்று, ஆட்டோ மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சோறு போட்டது, ஏலே என்று கூப்பிடாமல்.

பிப்ரவரி 12

டாக்டரிடம் கூட்டிப்போனேன். கழுத்தெலும்பு தேய்மானம். சின்ன வயதில் புல்லுக்கட்டும் விறகும் தலையில் சுமந்தது. பயிற்சி எழுதிக் கொடுத்தார். முழுசாகச் சரியாகாது, இதற்கு மேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கார் ஓட்டலாமா என்று அம்மா கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். கழுத்தைத் திருப்பாமலே பின்னால் தெரிய வழியிருந்தால் ஓட்டட்டும் என்றார்.

வழியிருந்தால்.

பிப்ரவரி 13

அம்மாவை அதன் சீட்டில், அதன் தலையணை மேல் உட்காரவைத்து, நூலும் பாகைமானியும் வைத்து அளந்தேன். கழுத்து வலது பக்கம் இருபது டிகிரி, இடது பக்கம் முப்பது. அதற்கு மேல் இல்லை. என் கதவுக் கண்ணாடியைப் பார்க்க வலது ஐம்பது, இடது எழுபது திரும்பவேண்டும். மட்கார்டு மேல் அட்டையை வைத்துப் பார்த்தேன். வலது பதினாலு. இடது முப்பத்தாறு, மிச்சத்தைக் கண் பார்த்துக்கொள்ளும்.

இதற்குத்தான் அங்கன கேட்டியா என்றேன்.

"பின்ன, பவுசுக்கா?"

ஆமாம், பவுசுக்கென்றுதான் நினைத்தேன். என்னோட உயரத்துக்கு, என்னோட கழுத்துக்கு மாட்டிவிட்டுச் சுத்தமான வேலை என்று எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தைக் கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மட்கார்டில் துளை. தகடு மெல்லிசு, அதிரும், அதனால் அடியில் இரும்புப் பட்டை கொடுத்து முறுக்கினேன். இந்தத் தடவை சீட்டில் நான் உட்காரவில்லை. அம்மா உள்ளே, நான் வெளியே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு.

"இன்னும் கீழ. மேல. ஏலே, நில்லு… ஆட்டாத. ஆங்."

ஒரு வாரம் கழித்து இன்றைக்குத்தான் அந்த 'ஏலே' வந்தது. கதவிலிருந்த நாலு துளையையும் ரப்பர் மூடி போட்டு அடைத்தேன். கூரை மேல் கேரியர். இனி மூட்டை மேலே, உள்கண்ணாடியும் காலி.

மார்ச் 2, ஞாயிறு

மயிலாடும்பாறையிலிருந்து ஆண்டிபட்டி. அதே ரோடு, பூ கேரியரில், நான் பக்கத்தில். டிராக்டரும் ஒன்று முன்னால் போனது. அம்மா தோளை அசைக்கவில்லை. கண் மட்டும் மட்கார்டுக்குப் போனது.

"பஸ்ஸு வருது, விட்ருவோம்."

நான் திரும்பிப் பார்த்தேன். ரொம்பத் தூரத்தில், சின்னதாக. எனக்கு இன்னும் ஹாரன்கூடக் கேட்கவில்லை. பஸ் தாண்டிப் போகட்டும் என்று பொறுத்து, அப்புறம்தான் அம்மா டிராக்டரைத் தாண்டியது. நேர்க்கோட்டில்.

மார்க்கெட்டில் இறங்கும்போது அம்மா சாவியை உருவி என்னிடம் நீட்டியது. நான் வாங்கவில்லை. மூட்டையை இறக்கப் போய்விட்டேன்.

மார்ச் 5

காலையில் எழுந்தபோது கார் இல்லை.

சாயங்காலம் வந்து பார்த்தேன். வட்டக் கண்ணாடி ரெண்டும் பளபளவென்று இருக்கிறது, முந்தானையால் துடைத்த சுவடோடு. அம்மா கொல்லையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூச்சாக்கு உதறிக்கொண்டிருந்தது. காபி வேண்டும். வாசலில் நின்று கூப்பிட வாயெடுத்தவன், சுற்றிப் போய் எதிரே நின்று கூப்பிட்டேன்.