வானத்துக்கும் சூலம்

பிரிக்பீல்ட்ஸ்,
மார்கழி, 1938

அன்பு மகள் குணேஸ்வரிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மருமகனும் சுகமாயிருக்கக் கந்தசுவாமி துணை. எங்களுக்கு உடம்பு சுகம்தான், மனம்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. உன்னைத் தலைப்பிள்ளைப் பேற்றுக்குக் கோத்தா பாருவில் தனியே விட்டுவிட்டு எப்படி நிற்கும்?

வெள்ளத்தில் ரயில் பாதை போன பிறகு விமானத்தை விட்டால் வழியில்லை என்று நீ எழுதியதும் உன் ஐயாவை இடம் பிடிக்க அனுப்பினேன். போன செவ்வாய்க்கு இடம் இருந்ததாம். இந்த மனிதர் அதை வேண்டாமென்று வியாழனுக்கு மாற்றிக்கொண்டு வந்து நின்றார். ஏன் என்றால், "செவ்வாயும் புதனும் வடக்கே சூலமெல்லே, ஆகாயமெண்டா சூலம் விடுமோ?" என்கிறார். ரயில்வேயில் இருந்த காலமெல்லாம் செவ்வாய்தோறும் வடக்கே ரயில் அனுப்பியவர் பேசுகிற பேச்சா இது! பாலைக் குடித்துப் பரிகாரம் செய்துவிட்டுப் போகிறேன் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. செவ்வாய் விமானம் நல்லபடி போய்ச் சேர்ந்தது. புதனன்று உங்கள் பக்கம் கொட்டிய மழையில் விமானம் இறங்கும் அந்தப் புல் மைதானம் சேறாகிவிட்டதாம், பாரத்தோடு இறங்க முடியாதாம், தபால் பை மட்டும்தான் வருமாம், ஆட்கள் எப்போது என்று சொல்ல முடியாதாம். விமானம் வந்தால் பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து ஆட்கள் மைதானத்தில் ஆட்டைத் துரத்திவிட்டு, மருந்துக்கும் பத்திரிகைக்கும் காத்து நிற்பார்கள் என்று எழுதியிருந்தாயே, அவர்களோடு நீயும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் என்னைத் தேடி நிற்காதே மகள். எனக்கு அழுகை வருகிறது, உன் ஐயா மேல் கோபமும் வருகிறது, இரண்டையும் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளே நடந்தபடி இருக்கிறேன்.

நீ எழுதிய அந்த மலாய் மருத்துவச்சியை நம்பு. அவள் எத்தனையோ பிள்ளை எடுத்தவள், நாணப்பட்டு வலியை மறைக்காமல் முதல் வலியிலேயே ஆள் அனுப்பிக் கூப்பிடு. பத்தியச் சரக்கை இடித்துத் தகரத்தில் அடைத்தாயிற்று, அதுவும் பாரமென்று என்னோடு இங்கேயே கிடக்கிறது. அங்கே மிளகும் இஞ்சியும் கிடைக்கும், மருமகனை வாங்கி வைக்கச் சொல்.

நாளை திரும்பவும் செவ்வாய். கடிதத்துக்குச் சூலம் இல்லையோ என்று உன் ஐயாவைக் கேட்டேன். நேரே குசினிக்குள் போய், பாலே பிடிக்காத மனிதர், ஒரு கோப்பை பாலை எடுத்து, "கடிதம் குடிக்காதெல்லே" என்று தானே குடித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்து வைத்து, நான் முடிப்பதற்காகக் காத்து நிற்கிறார். அதற்கு மேல் என்னால் ஏச முடியவில்லை.

இதோடு மடித்து வைத்திருப்பது என் பழைய நூல் சேலையின் ஒரு துண்டு. நீ பிறந்தபோது உன்னை முதலில் கிடத்தியது அந்தச் சேலையில்தான். கழுவி வெயிலில் காய வைத்திருக்கிறேன். பிள்ளையை முதலில் அதில் கிடத்து. மைதானம் காய்ந்து நான் வரும்வரை அதுதான் என் மடி. தாயும் பிள்ளையும் நோய்நொடியின்றி இருக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் மருமகன் தந்தி அடிக்க மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
புறப்படக் கட்டிய பெட்டியை இன்னும் அவிழ்க்காத உன் அம்மா,
இராசேஸ்வரி