உங்கள் தம்பி எடைக்குப் போடச் சொன்ன கம்ப்யூட்டர்

எம்புட்டுக் கோபம் இருந்தாலும் எனக்குப் பிரியமான என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் தம்பி குமரேசன் கூடுதல் சௌக்கியம். “எங்க வீட்டு இன்ஜினியர்” என்று ஊரெல்லாம் சொல்லி நீங்கள் ஏற்றிவிட்ட தலைக்கனம் இன்னும் இறங்கவில்லை. ஏன்தான் அப்படிச் சொன்னீர்களோ?

பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிற நம் கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாகிவிட்டது. நான் அவனைக் கூப்பிடவே இல்லை. அவனாக வந்து, “மதினி, பழைய ஓ.எஸ்ஸை அழிச்சிட்டுப் புதுசு போட்டாப் பறக்கும்” என்றான்.

மேகம் கறுத்து நிற்கிற நேரத்தில் ஆரம்பித்தான். எம். புதுப்பட்டியில் பிறந்து வளர்ந்தவன்! பட்டாசுக் கம்பெனியிலேயே ஆயுசைக் கழித்த அத்தை இடி கேட்டால் என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? “ஏலே, இடி இடிக்கு, மெயினை இறக்குலே!” என்றபடி அத்தையே இறக்கிவிட்டார்கள். ஓ.எஸ். பாதியில் நின்றது.

மழை விட்டதும் மறுபடி முழுசாக ஏற்றினான். ஆனாலும் கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதெல்லாம், முதலிலிருந்து ஏற்றட்டுமா என்றே அது கேட்டது. இவனும் வெட்கமில்லாமல் ஏற்றிக்கொண்டே இருந்தான். கடைசியில், “போர்டு அவுட்டு மதினி. எல்லாம் அம்மா மெயினை இறக்குனதால வந்தது. எடைக்குப் போடுங்க” என்றான். அத்தைக்கு முகம் செத்துப்போனது.

“உங்க அண்ணன் வரைஞ்ச படமெல்லாம்?” என்று கேட்டேன்.

“ரெண்டாவது டிஸ்க்ல கிடக்கு. வேணும்னா அதையும் அழிச்சிட்டு ஒருவாட்டி போட்டுப் பாப்போம்.”

“சீசன் ஆர்டரு?”

“பேசாம பழையபடி கம்பெனிக்கே போங்க மதினி. வேன் வாசலுக்கே வருதுல்ல?”

டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். இனி வெடிமருந்தில் கை வைக்கவேண்டாம் என்றுதானே என்னை இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தீர்கள்? படங்கள் போனால் எனக்கு மிச்சம் அந்த மருந்து அறைதான்.

அவன் போனதும் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஓ.எஸ். ஏற்றக் கொண்டுவந்த பென்டிரைவ் பின்னால் செருகியபடியே இருந்தது. அது இருக்கிறவரை அதிலிருந்துதானே தொடங்கும்? அதைப் பிடுங்கத் தெரியாத இன்ஜினியர், பெற்ற தாய் மேல் பழி போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

பிடுங்கிவிட்டு ஆன் செய்தேன். தொடங்குவதற்கு எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் எழுத்து வந்தது. போனில் தேடிப் படித்து செட்டிங்ஸுக்குள் போனேன். உங்கள் படங்கள் இருக்கிற டிஸ்க்கிலிருந்து தொடங்கும்படி மாற்றி வைத்திருக்கிறான் அந்த மேதாவி! ஓ.எஸ். இருக்கிற டிஸ்க்கை முதலில் வைத்தேன். தொடங்கிவிட்டது. உங்கள் படங்களில் ஒன்றுகூடப் போகவில்லை. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அப்போ நான் கெடுக்கலையா தாயி?” என்று கேட்டுவிட்டு அழுதார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை.

மறுநாள் வந்தவன், நான் பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்த திரையைப் பார்த்ததும், “நான் போட்ட ஓ.எஸ். ஆச்சே, பின்ன ஓடாதா?” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்தான். “பாஸ்வேர்டு என்ன மதினி?”

“உங்க அண்ணனே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். எந்திரிங்க தம்பி.”

பாவம், சின்னப் பையன், விட்டுவிடு என்று மேலேயிருந்து என் கனவில் வந்து சொல்லாதீர்கள். இந்த சீசன் லேபிள் அத்தனையையும் நானே வரைந்து கொடுப்பேன். அத்தையிடம் அவன் மன்னிப்புக் கேட்கிறவரை உங்கள் நாற்காலியில் அவனை உட்கார விடமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள்,
சரசு