பட்டையின் மேல் பூசிய மஞ்சள்

சின்னு,

இன்று காலை ஃப்ரிட்ஜைத் துடைத்தபோது, மாவுச் சட்டிக்குப் பின்னால் உன் கால் புண்ணுக்கு ஒட்டுகிற பட்டை ஒன்று பிரிக்காமல் கிடந்தது. இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. தூக்கி எறியக் கை ஓங்கினேன். உன்னை அடிக்க முடியாத கோபம்தான் அது.

காளவாசல் பக்கத்து ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸம்மா நம் இரண்டு பேருக்கும்தான் சொன்னார். "சுகர்காரவுங்களுக்குக் காலு மரத்துருக்கும்கா, புண்ணு வலிக்காது. அதுக்குப் பதிலா இந்தப் பட்டை சொல்லும். கிருமி பெருகுனா புண்ணுல வடியிற தண்ணி மாறும். அது பட்டதும் மஞ்சளு பச்சையாயிரும். பட்டைக்குள்ள இருக்க மருந்தும் அப்பத்தான் இறங்கும். ஆனா அந்த மருந்து ஒரு நாளுதான் தாங்கும். பச்சையப் பாத்தா அன்னைக்கே கூட்டியாந்துருங்க."

இன்னொரு தடவை சீழ் பிடித்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

படிக்காத எனக்கே புரிந்தது. மஞ்சள் என்றால் நல்லது, பச்சை என்றால் ஓட வேண்டும். தினமும் சாயங்காலம் உன் காலைத் தூக்கிப் பார்த்தேன். "போலீஸு மாதிரி சோதனை போடுறியேக்கா" என்பாய். என் மகள் காதுகுத்துக்கு முந்தின மூன்று நாளும் பார்த்தேன். மஞ்சள்தான். மஞ்சள் வாசமும் அடித்தது. விசேஷ வீட்டில் எதில்தான் அந்த வாசம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் நம் குலசாமி கோயிலில், அவளை மடியில் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய்.

"காலை மடக்காதடா, ஸ்டூல் போடுறேன்."

"ஸ்டூலுல உக்காந்தா சலூன் மாதிரி இருக்கும்கா. தாய்மாமன் மடின்னா மடிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குழந்தைதான் சொன்னாள், "மாமா சுடுது" என்று. வெயில் என்றாய்.

பந்தி முடிவதற்குள் உனக்கு நடுக்கம் கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தோம். நர்ஸம்மா ஈரப் பஞ்சால் பட்டையைத் துடைத்தார். மஞ்சள் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் கரும்பச்சை. "மேல மஞ்சத்தூளக் குழைச்சுப் பூசுனது யாருக்கா?" என்று என்னைக் கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். இரண்டு நாளில் போய்விட்டாய்.

"மாமன் கடமைய முடிச்சுட்டுத்தான் போயிருக்கான்" என்று சொந்தக்காரர்கள் பெருமையாகப் பேசுகிறார்கள். அவர்கள் வாயில் மண்ணள்ளிப் போடலாம் போலிருக்கிறது. என்ன கடமை? வலிக்காத புண்ணுக்கு ஒரு வாயைக் கொடுத்தார்கள், அதை நீயே அடைத்தாய். அடுத்த மாதம் குத்தினால் பிள்ளையின் காது எங்கேயாவது ஓடியா போகும்? அம்புட்டு அவசரம் உனக்கு.

ஆனால் நாள் குறித்த அன்று நான்தான் சொன்னேன்: "நீ வந்து உக்காரலேன்னா எம்புள்ளைக்குக் காதே குத்த மாட்டேன்டா." அவளுக்குக் கம்மல் திருகும்போதெல்லாம் அந்தப் பேச்சு என் காதில் விழுகிறது. விரல் போய்விடும் என்று பயந்து பூசினாயா சின்னு, இல்லை நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவா?