பினாங்குப் படகுத்துறையில் ஒருவரை எழுப்பினேன்

என்னங்க,

பினாங்கிலிருந்து திரும்பி வந்தும் அந்தப் புடவையை இன்னும் துவைக்கவில்லை. இன்று காலை வாளியில் போடலாமென்று எடுத்தேன். உப்புக் காற்றும் டீசலும் கலந்த வாடை அடித்தது. நிலக்கரி மைன்ஸிலிருந்து வந்து நீங்கள் கழற்றிப் போடும் சட்டையிலும் பாதி இந்த வாடைதான். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் நிரம்பி வாசல் வரை ஓடியது கூடத் தெரியவில்லை.

ஆமாம், தனியாகத்தான் போனேன். சிரிக்காதீர்கள். குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறவே துணை தேடுகிறவள் விமானம் ஏறினேன். "ரிட்டயர் ஆவட்டும், ஒன்ன ஒரு பெரிய கப்பல் நிக்கிற ஊருக்கு இட்டுகினு போறேன். காலமெல்லாம் பள்ளத்தையே பாத்துகினு கெடக்கறேன்" என்பீர்களே. பக்கத்திலேயே கடலூர் இருக்கிறதே என்றால், "அது சுண்டல் தின்னுட்டு வர்ற கடலு" என்பீர்கள். ரிட்டயர் ஆகும் வரைதான் நீங்கள் இருக்கவில்லையே. நம் மகள்தான் டிக்கெட் எடுத்து, "அப்பா பாக்காதத நீயாவது பாத்துட்டு வாம்மா" என்று அனுப்பிவைத்தாள்.

ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். காலையில் மலை ரயில். ஏணியில் ஏறுகிற மாதிரி ஏறுகிறது, காது அடைத்துவிட்டது. மேலேயிருந்து பார்த்தால் துறைமுகம் விரிந்து கிடந்தது. கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் இரும்பு ராட்சசன்கள் வரிசையாக நின்றன. உங்கள் மைன்ஸில் மண்ணை வெட்டித் தள்ளுமே அந்தப் பெரிய மெஷின், அதற்குச் சித்தப்பா பிள்ளைகள் மாதிரி இருந்தன. பக்கத்தில் நீங்கள் இருந்திருந்தால் ஒவ்வொன்றும் எத்தனை டன் தூக்கும் என்று ஆரம்பித்து என் உயிரை வாங்கியிருப்பீர்கள். வாங்கியிருக்கலாம், போங்கள்.

மத்தியானம் நம் ஆட்கள் கடை வைத்திருக்கும் தெருவில் இலை போட்டுச் சாப்பிட்டேன். அப்புறம் கடலுக்குள் மரக்கால் நட்டுக் கட்டிய வீடுகளைப் பார்க்கப் போனேன். நடுவே பலகைப் பாதை. ஒரு வீட்டு ஜன்னலை வெளிச்சம் புகாமல் தடித்த துணியால் மூடியிருந்தார்கள். அவ்வளவுதான், என் கால் தானாகப் பூனை நடை போட்டது. எதிரில் சத்தமாகச் சிரித்துக்கொண்டு வந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்றுவிட்டேன். பாவம், அவள் முழித்தாள்.

எனக்கு மட்டுமா இந்தப் பழக்கம்? டவுன்ஷிப்பில் நம் பிளாக்கில் ஜன்னலில் போர்வை தொங்கினால் அந்த வீட்டில் நைட் ஷிப்ட் முடித்தவர் தூங்குகிறார் என்று தெருவுக்கே தெரியும். கீரைக்காரம்மா குரலை இறக்கிக்கொள்வாள். காலிங் பெல் சுவிட்சை அணைத்துவிடுவேன். விசில் வருவதற்குள் குக்கரை இறக்கிவிடுவேன். நம் மகள் பேசப் பழகியதே கிசுகிசுப்பில்தான்.

அன்றைக்கும் அப்படித்தானே செய்தேன். நைட் முடித்து வந்தீர்கள், சாப்பாடு வேண்டாம் என்று படுத்தீர்கள். மத்தியானம் எழுந்து தண்ணீர் கேட்பவர் கேட்கவில்லை. அசதியாக இருக்கும், தூங்கட்டும் என்று கதவை இன்னும் ஒருக்களித்தேன். மிக்ஸி போடாமல் அம்மியில் அரைத்தேன். உங்கள் தங்கை வந்தாள். அவளையும் பின்வாசலில் உட்காரவைத்து, "மெதுவாப் பேசு, அண்ணன் தூங்குது" என்றேன். சாயங்காலம் காப்பியோடு வந்து தோளைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "காலையிலேயே போயிட்டாரும்மா" என்றார். அந்தப் பகல் முழுக்க, செத்துப்போன உங்களை எழுப்பிவிடக் கூடாதென்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்து பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்குக் குடிவந்தும் குரல் எழவில்லை. பலகைப் பாதையில் நின்று மகளுக்குப் போன் செய்தேன். "ஏம்மா அங்க போயும் கிசுகிசுன்ற? கடல் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல, சத்தமாப் பேசு" என்று கத்தினாள். அதே கிசுகிசுப்பில் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அக்கரைக்குப் போகும் படகுக்காகப் படகுத்துறைக் கூடத்தில் காத்திருந்தேன். எதிர் பெஞ்சில் துறைமுக வேலை உடுப்பில் ஒருவர் படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. உங்கள் வயசுதான். வருகிறவர்கள் எல்லோரும் அவர் தூக்கம் கெடாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தி தன் குழந்தையின் வாயைப் பொத்திக் கூட்டிப்போனாள். நான் அவர் மார்பையே பார்த்தேன். ஏறி இறங்குகிறதா என்று தெரியவில்லை. தொளதொள உடுப்பு, மங்கலான வெளிச்சம்.

எழுந்து போய் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினேன். "எழுந்திருங்க! எழுந்திருங்க!" கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருக்கிறேன். அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் பதறி எழுந்து உட்கார்ந்தார். "என்னாம்மா? ஃபெரி வந்துருச்சா?" என்றார். தமிழ்தான்.

"இல்லப்பா... ஒண்ணுமில்ல. நீ தூங்குப்பா."

"எழுப்பிட்டுத் தூங்கச் சொல்றீங்களே!" என்று கடுகடுத்தார். என் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருஷமும் அழாத அழுகையைச் சத்தம் போட்டு அழுதேன். யாரும் "உஷ்" சொல்லவில்லை.

படகில் போனேன், பெரிய கப்பலைப் பக்கத்தில் பார்த்தேன். கேட்டால் எவ்வளவு பெரிசு என்று சொல்லத் தெரியாது. கடலிலிருந்து நான் கொண்டுவந்தது வேறொன்று. முன்பின் தெரியாத அந்த மனிதரின் தோள் என் கைக்குள் வெதுவெதுவென்று இருந்தது, உலுக்கியதும் அசைந்தது, கோபப்பட்டது. அந்தச் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. அன்றைக்கு ஒரே ஒரு தரம் நீங்களும் என்மேல் அப்படி எரிந்து விழுந்திருக்கக் கூடாதா?