சிலிப்பர் கட்டையின் மற்ற முனை

3 பெப்ரவரி 1992, திங்கள்
உறைபனி. கையுறைக்குள்ளும் விரல் விறைப்பு. பிரான்ஸ் வரை போகப்போகிற ரயிலுக்காம் இந்தப் புதுத் தண்டவாளம். ஊரில் பதுங்குகிற பங்கர் மூடுவதற்குத் தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடந்த சிலிப்பர் கட்டைகளைப் பிடுங்கினோம், இங்கே வெள்ளைக்காரன் நாட்டில் பதிக்கிறோம். கட்டைக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு முனை. என் ஜோடி ரவி, அறைத்தோழன்.

குழுவில் எல்லோரும் யாழ்ப்பாணம். இன்றிலிருந்து எங்களுக்கு மேலே மாஸ்டர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். ஆங்கிலம் தெரியும் என்று, வேலைக்குப் பொறுப்பான ஐரிஷ் போர்மன் டோனல் வைத்திருக்கிறான். வந்ததும் விசாரணை.

"தம்பி எந்த ஊர்?"

சொன்னேன்.

"ஊரிலை எந்தப் பக்கம்? கோயிலடியோ, அங்காலையோ?"

கேட்டது இடத்தை அல்ல, சாதியை. "அங்காலை" என்றேன். "ஓ." அவ்வளவுதான். பிறகு என் முகம் பார்க்கவில்லை.

4, செவ்வாய்
தேநீர் நேரம். என் பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணி, வழக்கம்போல ஒரே கோப்பை, கைமாறிக் கைமாறி. மாஸ்டரிடம் போனதும், "எனக்கு வயிறு சரியில்லை." கொஞ்ச நேரத்தில் சாமான் ஏற்றும் வானுக்குள் உட்கார்ந்து தன் போத்தல் தேத்தண்ணியை மடமடவென்று குடிக்கிறார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ரவி: "விடு மச்சான். அவர் பழைய ஆள்."

பழைய ஆளாம்! என்னைவிட நாலைந்து வயது மூப்பு, அவ்வளவுதான்.

5, புதன்
மழை. வேலை இல்லை. வாங்க: காலுறை, தலையிடிக் குளிசை, கருவாடு. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் இன்னும் இல்லை. தோர்ண்டன் ஹீத் தமிழ்க் கடையில் ரவி புத்திமதி.

"அவரோடை கொளுவிச் சண்டைக்குப் போகாதை. ஆர் ஆரோடை தூக்கிறது எண்டு அவர்தான் சொல்லுறார். ஜோடி இல்லாட்டி டோனல் வீட்டை அனுப்பிப்போடுவான்."

உண்மை. இந்த வேலையும் போனால் மறுபடி ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவல். போன வருடம் முழுக்கக் கழுவியது போதும்.

6, வியாழன்
பல் கிட்டும் குளிர். டோனல் என் கோப்பையை வாங்கிப் பாதி குடித்தான். "குட் டீ" என்று மாஸ்டரிடம் நீட்டினான். மாஸ்டர் இரண்டு கையாலும் வாங்கினார். குடித்தார்! அதே தேத்தண்ணி, அதே கோப்பை, போதாததற்கு டோனலின் எச்சில். வெள்ளைக்காரன் வாய் பட்டதும் தீட்டுக் கழிந்துவிட்டதாக்கும்.

என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாஸ்டர், இண்டைக்கு வயிறு சுகமோ?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டான். மாஸ்டரின் காது சிவந்தது. நன்றாக வேண்டும். பின்னேரம் வரை எனக்கு ஒரே சந்தோஷம். ரவி மட்டும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருக்காமல் முன் சீட்டுக்குப் போனான்.

7, வெள்ளி
வெயில், ஆனால் சூடில்லை. காலையில் மாஸ்டர் ஜோடி சொன்னார். என் பெயரும் ரவியின் பெயரும் கடைசிவரை வரவில்லை.

"நான் ஒருத்தரையும் கட்டாயப்படுத்தேல்லை. தம்பியோடை தூக்க விருப்பமான ஆக்கள் வரலாம்."

ஒருவரும் அசையவில்லை. டோனல் மணிக்கூட்டைப் பார்த்தான். நான் ஒரு முனையில் குனிந்து நின்றேன், மற்ற முனையில் ஆளில்லை. ரவியைப் பார்த்தேன். கீழே குந்தி, மும்முரமாகச் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

அவன் போட்டிருந்தது கயிறில்லாத சப்பாத்து.